ஒத்தாசைக்கு மூணு பேர்

நாற்பது வயதைத் தாண்டிய ஆள் இன்னொருவரிடம் போய் ‘விளையாட வர்றீங்களா’ என்று கேட்பது எங்கள் ஊரில் சுலபமில்லை. கேரம் என்றால் ஒப்புக்கொள்வார்கள். இல்லாத ஓர் ஊரைப் பற்றி உட்கார்ந்து பேசுவதுதான் விளையாட்டு என்றால் ஏற இறங்கப் பார்ப்பார்கள். எனக்கு அந்த ஆசை வெகு நாளாக இருந்தது. வெளியே சொல்ல வெட்கம்.

ஆட்டத்தின் பெயர் ‘தி கொயட் இயர்’. கனடாவைச் சேர்ந்த ஏவரி ஆல்டர் 2013இல் வெளியிட்டது. ரோல்பிளேயிங் கேம் என்றால் விஷயம் தெரிந்தவர்கள் உடனே சொல்வது ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’தான், 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் கொண்டுவந்தது. அதற்கே நம் பக்கம் ஆள் அரிது. சென்னையிலும் பெங்களூரிலும் ஆடுகிறவர்கள் உண்டு. திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் இருக்கும் எங்கள் அடி அண்ணாமலையிலிருந்து இரண்டில் எதற்குப் போய்வந்தாலும் ஒரு நாள் பிழைப்பு போகும்.

கொயட் இயரில் கதையை நடத்துகிறவர் என்று யாரும் கிடையாது. இரண்டு முதல் நான்கு பேர், நடுவில் ஒரு வெள்ளைத்தாள், ஒரு சீட்டுக்கட்டு. நீண்ட சண்டை ஒன்று ஓய்ந்து, பிழைத்துக் கிடக்கும் சிறிய ஊர் ஒன்றுக்கு ஒரு வருட அமைதி கிடைக்கிறது. 52 சீட்டும் 52 வாரம். நான்கு இனமும் நான்கு பருவம். சீட்டு எடுத்தால் அதற்கொரு கேள்வி. பதிலைத் தாளில் படமாகப் போடவேண்டும். பிறகு புதிதாக எதையாவது கண்டுபிடிக்கலாம், ஒரு வேலையைத் தொடங்கலாம், அல்லது ஊர்க்கூட்டம் போடலாம். இஸ்பேட் ராஜா வந்தவுடன் ‘பனி மேய்ப்பர்கள்’ வந்துவிடுவார்கள். ஆட்டம் முடிந்தது. அவர்கள் யார், எதற்கு வருகிறார்கள் என்று விதிப் புத்தகம் கடைசிவரை சொல்வதில்லை.

முதலில் செங்கம் சாலைப் பக்கம்தான் ஆள் தேடினேன். கார்த்திகையிலிருந்து மாசி வரை ரமணாசிரமத்தைச் சுற்றி வெளிநாட்டவர் நிறைய இருப்பார்கள். சிலருக்கு ஆட்டத்தின் பெயரே தெரிந்திருந்தது. ஆர்வமாக வந்தார்கள், நன்றாகவும் வரைந்தார்கள். ஆனால் பங்குனி வெயில் தலைகாட்டியதும் ஒருவர் ரிஷிகேஷ், ஒருவர் தர்மசாலா. அதுகூடப் போகட்டும். அவர்கள் வரைந்த ஊரில் கிணறு இருந்தது. கிணற்றில் பங்கு கேட்டு வரும் பங்காளி இல்லை. எனக்கு அந்தப் பங்காளிதான் வேண்டும்.

கல்லூரிப் பையன்களைக் கேட்டேன். “யாருண்ணா ஜெயிப்பாங்க?” என்றார்கள். யாரும் ஜெயிப்பதில்லை என்றேன். மரியாதையாகத் தலையாட்டிவிட்டு மொபைலை எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த தடை சீட்டுக்கட்டு. திண்ணையில் அதைப் பிரித்தவுடன் போகிறவர் வருகிறவர் எல்லாம் “காசு வெச்சா, சும்மாவா?” என்றார்கள். அவர்களைக் குறைசொல்ல மாட்டேன். ஆன்லைன் ரம்மியில் பணத்தை விட்டு உயிரையும் விட்டவர்களின் செய்தி தொடர்ந்து வந்து, 2022இல் சட்டசபை தடைச்சட்டமே கொண்டுவந்த மாநிலம் இது. சீட்டு என்றால் வீட்டுப் பெண்கள் பயப்படத்தான் செய்வார்கள். கட்டை உள்ளே வைத்துவிட்டு, பழைய கல்யாணப் பத்திரிகைகளை நறுக்கி, பின்பக்கத்தில் கேள்விகளைத் தமிழில் எழுதினேன். மஞ்சள் தடவிய மூலையைப் பார்த்த பிறகு யாரும் காசு பற்றிக் கேட்கவில்லை.

கடைசியில் ஆள் சேர்ந்தது ஒரு பொய்யால். விளையாட்டு என்கிற பேச்சையே எடுக்கவில்லை. “ஒரு ஊருப் படம் போடணும், எனக்கு ஊரு விவரம் பத்தாது, கொஞ்சம் ஒத்தாசைக்கு வாங்க” என்றேன். விளையாடக் கூப்பிட்டால் வராதவர்கள் ஒத்தாசைக்குக் கூப்பிட்டால் வந்துவிடுகிறார்கள். கிரிவலப் பாதையில் டீக்கடை வைத்திருக்கும் அக்கா, ஒரு ஆட்டோக்காரத் தம்பி, தலையாரியாக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர். பெரியவர் வந்தது அதிர்ஷ்டம். புலப்படம் பிடித்துப் பழகிய கை. தாளை விரித்ததுமே வடக்கு எது என்று கேட்டார். அதுவரை என்னோடு ஆடிய யாரும் அதைக் கேட்டதில்லை.

நாள் குறிப்பதும் ஒரு பாடம்தான். பௌர்ணமி என்றால் 14 கிலோமீட்டர்ப் பாதையும் விடிய விடிய நடக்கும். அக்காவுக்குக் கடை, தம்பிக்கு சவாரி. முந்தின நாட்கள் சரக்கு வாங்குவதில் போய்விடும். பௌர்ணமி கழிந்து மூன்றாம் நாள் சாயந்திரம் தூக்கம் தெளிந்திருக்கும், கையில் காசு இருக்கும். அந்த நாள்தான் நிலைத்தது.

டீக்கடை பெஞ்சில் ஆடினோம். பருவத்துக்கு ஐந்தாறு சீட்டாகக் குறைத்துக்கொண்டோம். பருவத்தையும் வெயில், ஆடிக்காற்று, மழை, பனி என்று மாற்றிவிட்டோம். ஊர்க்கூட்டம் போடும்போது ஆளுக்கு ஒரு வாக்கியம்தான் பேசவேண்டும், தீர்ப்புச் சொல்லக்கூடாது என்பது விதி. பெரியவருக்கு அது பிடிபடவே இல்லை. “முடிவு சொல்லாத கூட்டம் இன்னா கூட்டம் சார்?” என்றார். சொன்னாரே தவிர, ஏரி மதகைத் திறப்பதா வேண்டாமா என்ற கூட்டத்தில் அவர் சொன்ன ஒரே வாக்கியத்தில் மேல்மடைக்காரன், கடைமடைக்காரன் இருவருமே வாயடைத்துப் போயிருப்பார்கள்.

இன்னொரு விதி: உன்னைக் கேட்காமல் ஊர் எதையாவது செய்துவிட்டது என்று மனத்தாங்கல் வந்தால், பேசாமல் ஒரு வில்லையை எடுத்து முன்னால் வைத்துக்கொள்ளலாம். வில்லைக்குப் பதில் புளியங்கொட்டை வைத்தேன். அக்கா முன்னால் குவிந்துகொண்டே போனது. “வீட்லயும் இப்டி வெச்சா இந்நேரம் ஒரு மூட்டை சேர்ந்திருக்கும்” என்றார். தம்பி சிரித்தான். பெரியவர் சிரிக்கவில்லை.

ஒரு சீட்டு, ஊருக்கு என்ன கேடு வந்தது என்று கேட்டது. தம்பி மலைச்சரிவில் பாறை உருள்வதைப் போட ஆரம்பித்தான். “அது வேணாம்பா” என்றார் அக்கா. 2024 டிசம்பர் 1ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலையடிவார வீட்டின்மேல் மண்ணும் பாறையும் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். ஐந்து பேர் குழந்தைகள். தம்பி உடனே அழித்தான். இவ்வகை ஆட்டங்களில் ‘எக்ஸ் கார்டு’ என்று ஒரு பழக்கம் உண்டு. நடுவில் ஓர் அட்டை இருக்கும். தொட்டால் அந்தப் பேச்சை விட்டுவிட வேண்டும், காரணம் கேட்கக்கூடாது. அதை விளக்க நான் தயார்செய்து வைத்திருந்த பேச்சு தேவைப்படவில்லை.

இதெல்லாம் நம்மிடம் அன்றே இருந்தது என்று சொல்ல வரவில்லை. அந்தப் பெருமை எனக்கு அலுத்துவிட்டது. ஆனால் ஒன்று தோன்றியது. எங்கள் ஊரில் கிரிவலப் பாதையிலேயே மாணிக்கவாசகருக்குத் தனிக்கோயில் உண்டு. திருவெம்பாவை மட்டுமல்ல, திருவம்மானையும் அவர் அண்ணாமலையில் பாடியது என்பது மரபு. அம்மானை பெண்கள் காய் வீசி ஆடுவது. பின்னால் வந்த கலம்பகங்களில் அது மூவர் பேச்சாகிறது: ஒருத்தி ஒன்று சொல்வாள், அடுத்தவள் மடக்கிக் கேட்பாள், மூன்றாமவள் பதில் சொல்வாள். முறைவைத்துப் பேசி ஆடுவது அந்நியம் என்று நான் பயந்ததற்கு அவசியமில்லை.

இஸ்பேட் ராஜாவுக்கு ஈடான சீட்டு வந்தது. பனி மேய்ப்பர்கள் யாராக இருக்கும் என்று கேட்டேன். “இன்னா இது, மகாதீபத்துக்கு வர்ற கூட்டந்தான்” என்றான் தம்பி. இதைவிடப் பொருத்தமான பதிலை நான் எங்கும் கேட்டதில்லை. தாளைச் சுருட்டும்போது அக்கா சொன்னார்: “வெளாட்டுன்னு அப்பவே தெரியும். படம் போடறதுக்கு எதுக்குப் புளியங்கொட்டை?”

இப்போது பெரியவரின் பேத்தியும் வந்து உட்காருகிறாள். ஆளுக்குக் குறைவில்லை, தமிழில் விதிப் புத்தகம்தான் இல்லை. உரிமை வாங்கி, சீட்டுக்கட்டு தேவைப்படாத வகையில், சின்ன விலையில் யாராவது ஒரு பதிப்பாளர் போடவேண்டும். அதுவரை என் கையெழுத்து நோட்டைத்தான் நம்பியிருக்கிறோம். அதிலும் மழைக்காலப் பக்கத்தில் டீ கொட்டிவிட்டது.