ஹன்னர் கண்ட புண்

நீர்க்கடுப்பு என்பது நமக்கு ஒரு கோடைகாலச் சங்கதி. தொப்புளில் விளக்கெண்ணெய், இரண்டு தம்ளர் நீர்மோர், மறுநாள் மறந்துவிடும். மறக்கவே விடாத கடுப்பொன்று என் அக்காவுக்கு 9 ஆண்டுகள் இருந்தது. சிறுநீர்ப்பை சற்றே நிறைந்தாலும் அடிவயிற்றில் கனல். கழித்தால் கொஞ்சம் ஆறுதல். முக்கால் மணி நேரத்தில் மீண்டும் அதே. முதலில் கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தினாள், பிறகு பேருந்துப் பயணத்தை. தூக்கம் தானாகவே நின்றுபோயிற்று. போன இடத்திலெல்லாம் 'இன்ஃபெக்‌ஷன்' என்று ஆன்டிபயாடிக் எழுதித் தந்தார்கள். கல்ச்சர் அறிக்கையோ ஒவ்வொரு முறையும் கிருமி இல்லை என்றே சொன்னது.

இன்டர்ஸ்டிஷியல் சிஸ்டைட்டிஸ் என்ற பெயரை நாங்கள் கேள்விப்பட்டதே பத்தாவது ஆண்டில்தான். பெயரென்னவோ பழையது, 19ஆம் நூற்றாண்டினது. பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் இருந்த கை ஹன்னர், பெண்களின் சிறுநீர்ப்பையில் தாம் கண்ட அரியவகைப் புண்ணைப் பற்றி 1915இல் எழுதினார். எளிதில் கண்ணுக்கு அகப்படாத புண் என்பது அவரே அதற்குத் தந்த அடைமொழி. அவர் அதை வெட்டியெடுத்தார். வெட்டிய பிறகும் அது திரும்பி வரும் என்பதைப் பின்னால் வந்த அனுபவம் காட்டியது. புண் என்ற சொல்லும் முழுக்கச் சரியில்லை; அது அழற்சியால் சிவந்த ஒரு திட்டு, பையை விரிக்கும்போது வெடித்துக் கசிவது. இந்நோய் உள்ளவர்களில் சிறுபான்மையினரிடமே அது காணப்படுகிறது. மற்றவர்களின் பை பார்வைக்கு ஏறக்குறைய இயல்பாகவே இருக்கும், வலி மட்டும் குறைவதில்லை.

"இந்தப் பையையே எடுத்துடச் சொல்லுடா" என்றாள் அக்கா. வலிக்கும் பல்லைப் பிடுங்குவதுபோல என்று அவள் நினைத்திருக்கக்கூடும். நானும் அதை அநியாயமான கோரிக்கை என்று எண்ணவில்லை.

சிறுநீரகவியல் மருத்துவர் மறுக்கவில்லை. பையைத் தூங்கவைத்துப் பார்த்துவிட்டுப் பேசலாம் என்றார். மயக்க மருந்து கொடுத்து, சிஸ்டோஸ்கோப் வழியாகக் குறைந்த அழுத்தத்தில் சில நிமிடங்கள் மட்டும் நீர் நிரப்பி, பை எவ்வளவு கொள்கிறது என்று அளப்பார்கள். விழித்திருக்கையில் 100 மில்லிக்கே துடிக்கும் பை, மயக்கத்தில் தாராளமாக விரிந்தால், அதைச் சுருக்கி வைத்திருப்பது வலிதான். மயக்கத்திலும் விரியாவிட்டால் சுவரே தழும்பேறி இறுகிவிட்டது என்று பொருள். குடலின் ஒரு துண்டைச் சேர்த்துப் பையைப் பெரிதாக்குவதோ, சிறுநீரை வேறு வழியில் திருப்பி வயிற்றில் பை கட்டிக்கொள்வதோ பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையினருக்கே பயன் தருகிறது. முதல் வகையினரில், பையை அகற்றிய பின்னும் அது இருந்த இடத்தில் வலி தொடர்ந்தவர்கள் உண்டு. இதைக் கேட்டபின் அக்கா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

இடையில் வேறு வழிகளும் இருக்கின்றன. பைச் சுவரில் போடாக்ஸ் ஊசி: சிலருக்கு அதன்பின் சில காலம் தாமே குழாய் செருகிச் சிறுநீர் கழிக்க நேரலாம் என்பதற்குச் சம்மதிக்க வேண்டும். இடுப்புக்குப் பின்னால் நரம்பைத் தூண்டும் சிறு கருவி: முதலில் தற்காலிகமாக வைத்துப் பார்த்துவிட்டே நிரந்தரமாகப் பொருத்துவார்கள். அமெரிக்க யூராலஜி சங்கம் 2011இல் இவற்றையெல்லாம் படிப்படியாக வரிசைப்படுத்தியது. 2022இல் அந்த வரிசையைக் கைவிட்டு, ஆளுக்கேற்பத் தேர்ந்துகொள்ளச் சொன்னது. ஆனால் ஹன்னர் திட்டு தென்பட்டால் அதைக் கவனிக்கத் தாமதிக்கக் கூடாது என்பதில் மாற்றமில்லை.

அக்காவின் பை மயக்கத்தில் 650 மில்லி கொண்டது. பின்சுவரில் ஒரேயொரு சிவப்புத் திட்டு. மருத்துவர் அதன் படத்தைக் காட்டியபோது, அக்கா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, தொலைந்த உறவுக்காரரின் புகைப்படத்தைப் பார்ப்பதுபோல உற்றுப் பார்த்தாள். 'மனப்பிரமை' என்று சொல்லிப்போன ஒவ்வொருவருக்கும் அதைக் காட்ட வேண்டுமென்று அதன் நகலொன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

திட்டை மின்சூட்டால் பொசுக்கி, அடியில் டிரையம்சினலோன் ஊசி போட்டார்கள். சில நாளில் வலி இறங்கியது. திரும்பி வரும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள்; பதினோரு மாதத்தில் வந்தது. மறுபடி பொசுக்கினார்கள். இம்முறை பதினான்கு மாதம். இடையில் திருநெல்வேலிக்குப் பேருந்தில் போய்வந்தாள், ஜன்னலோர இருக்கையில். பையை எடுக்கும் பேச்சு வீட்டில் இப்போது எழுவதில்லை. மூன்றாவது முறைக்கு, ஆடி கழியட்டும் என்று நாள் கேட்டிருக்கிறாள்.