தாய்ப்பத்திரம் எங்கே?

பெங்களூரு,
ஞாயிறு காலை

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

சித்திக்கு முழங்கால் வலி தேவலையா? கொடுத்தனுப்பிய முறுக்கு இரண்டே நாளில் காலி. பாதிக்கு மேல் விடுதிப் பிள்ளைகள் வாயில்தான் போயிற்று.

பொங்கலுக்கு வந்திருந்தபோது திண்ணையில் வைத்துக் கேட்டீர்களே, "எல்லாம்தான் கம்ப்யூட்டர்லயே கெடக்குங்கிறே, அப்புறம் உனக்கு அங்க என்ன வேலை?" என்று. அன்றைக்குச் சிரித்து மழுப்பிவிட்டேன். பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது, முப்பது வருஷம் பத்திரம் எழுதினவருக்கு இதைச் சொல்வது ரொம்பச் சுலபம் என்று.

அமெரிக்காவில் ஜென்பேங்க் என்று ஒரு களஞ்சியம், 1982-இல் தொடங்கியது. உலகத்தில் யார் எந்த உயிரின் மரபணுவைப் படித்தாலும் அதன் எழுத்து வரிசையைப் பொதுவில் பதிந்து வைக்கும் இடம். அப்படியே நம் சார்பதிவாளர் ஆபீஸ்தான். மேலோட்டமாக ஒரு சோதனை, ஒரு நம்பர், முடிந்தது. எழுதிக்கொடுக்கிறவனுக்குச் சொத்து பாத்தியமா என்று பதிவாளர் பார்ப்பதில்லை என்று தலையில் அடித்துக்கொள்வீர்களே, அதே கதை.

போன வருஷம் அதில் நானே மாட்டினேன். துவரை வேரில் புதிதாக ஒரு மரபணு அகப்பட்டது. களஞ்சியத்தில் தேடினால், செடி பேரில் ஒரு பதிவு அச்சாகப் பொருந்தி வந்தது. மூன்று வாரம் அதன் பின்னாலேயே அலைந்தேன். கடைசியில் பார்த்தால் அது செடியே இல்லை, மண்ணில் கிடக்கும் பாக்டீரியா! யாரோ வேரைச் சரியாகக் கழுவாமல் அரைத்து, வந்ததையெல்லாம் செடி பேரில் பதிந்திருக்கிறார்கள். நானும் சரியாகக் கழுவவில்லை போல. அதனால்தான் அவ்வளவு பொருத்தம்.

சரி, திருத்தச் சொல்லலாம் என்றால், எழுதிக்கொடுத்தவர்தான் பிழைதிருத்தல் பத்திரமும் எழுதித் தரவேண்டும். இங்கேயும் அதுதான் சட்டம். பதிந்தவருக்கு மெயில் போட்டேன். அப்படி ஒரு முகவரியே இல்லை என்று திரும்பி வந்துவிட்டது. பதிவு இன்னும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது, நாளைக்கு இன்னொருத்தியை ஏமாற்ற. 2020-இல் ஸ்டெய்னெகர், சால்ஸ்பர்க் என்று இரண்டு பேர் சலித்துப் பார்த்ததில், இப்படி வேற்று உயிர் கலந்த பதிவுகள் ஜென்பேங்கில் மட்டும் 20 லட்சத்துக்கு மேல் தேறின.

இதற்கு மாற்றாக, ஜென்பேங்கை நடத்தும் நிறுவனமே ரெஃப்செக் என்று ஒன்றைத் தனியாக நடத்துகிறது. ஒரே மரபணுவை இருபது பேர் இருபது விதமாகப் பதிந்திருந்தாலும், ஒப்பிட்டுப் பார்த்து நம்பத்தக்க பிரதியை எடுத்து வைப்பார்கள். புற்றுநோய் டாக்டர்கள் அடிக்கடி பார்க்கும் டிபி53 மரபணுவுக்கு என்எம்_000546.6 என்று ஒரு பதிவு. 'என்எம்' இல்லாமல் 'எக்ஸ்எம்' என்று தொடங்கினால் கம்ப்யூட்டர் ஊகித்தது, கொஞ்சம் தள்ளியே நிற்கவேண்டும். புள்ளிக்குப் பின்னால் இருக்கும் 6 ஆறாம் பதிப்பு. ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் ஏறும், பழையதும் கிடைக்கும். உள்ளே இந்த வரிசை எந்தெந்தப் பதிவிலிருந்து எடுத்தது என்று நம்பர் போட்டிருப்பார்கள். தாய்ப்பத்திரம், சித்தப்பா! முதல்தடவை அந்த வரியைப் பார்த்தபோது உங்கள் ஞாபகம்தான் வந்தது.

அதற்காக ரெஃப்செக்கையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. அந்த இருவர் சலித்தபோது அதிலேயும் ஒரு லட்சத்துக்கு மேல் அகப்பட்டது. 'ரிவ்யூட்' என்று குறித்திருந்தால் ஒரு மனுஷர் உட்கார்ந்து படித்திருக்கிறார் என்று அர்த்தம். நான் முதலில் தேடுவது அந்த வார்த்தையைத்தான்.

என் வேலையும் அதுதான். எங்கள் ஆய்வுக்கூடத்தில் பயறு வகைகளுக்கென்று ஒரு சின்னத் தொகுப்பு வைத்திருக்கிறோம். ஒவ்வொரு வரிசையாக எடுத்து, எங்கிருந்து வந்தது, யார் பதிந்தது, பாக்டீரியா ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்கிறேன். ஒரு நாளைக்குப் பத்து முடிந்தால் பெரிய காரியம். போன வாரம் மனித மரபணுக்களின் பழைய பட்டியல் ஒன்றை எக்செல்லில் திறந்தேன், 'செப்ட்2' என்ற மரபணு செப்டம்பர் 2-ஆம் தேதியாகிவிட்டது. இந்தத் தொல்லை தாங்காமல் 2020-இல் அந்த மரபணுவின் பேரையே செப்டின்2 என்று மாற்றிவிட்டார்கள். பழைய பட்டியல்களில் மட்டும் இன்னும் தேதிதான்.

வடக்குத்தெரு மனைக்கு அப்பா அட்வான்ஸ் கொடுக்கப்போவதாக அம்மா போனில் சொன்னாள். வில்லங்கம் போட்டுப் பார்த்தீர்களா? பதின்மூன்று வருஷத்துக்குப் போதும் என்று தரகர் சொல்கிறாராம். முப்பது வருஷத்துக்குப் போடாமல் விடாதீர்கள்.

உங்கள் அன்பு மகள்,
பாப்பா