கித்துல்கலையில் ஆறு வாரங்கள்

கொழும்பிலிருந்து ஹட்டன் செல்லும் நெடுஞ்சாலையில், களனி கங்கை பாறைகளில் மோதி நுரைத்தோடும் இடத்திலே கித்துல்கல அமைந்துள்ளது. 1957இல் வெளியான 'குவாய் நதிப் பாலம்' என்னும் படத்துக்காக டேவிட் லீன் குழுவினர் இங்கே மரப்பாலம் கட்டி, பின் வெடிவைத்துத் தகர்த்தனர். அவ்விடத்தைக் காணப் பலரும் ஆற்றுக்கு இறங்குவர். விருந்தினருக்கு வழிகாட்டிச் சென்ற நாம், பாசிப் பாறையில் வழுக்கிக் கணுக்கால் எலும்பை முறித்துக்கொண்டோம்!

ஆறு வாரம் நடக்கலாகாது என்றார் வைத்தியர். நமக்கு அது ஓய்வு. காலையும் மாலையும் றப்பர்த் தோட்டத்தைச் சுற்றிப் பழகிய நம் நாய்கள் இரண்டுக்கும் அதுவே சிறைவாசம். மூன்றாம் நாள் இளையது கயிற்றை அறுத்துக்கொண்டு நெடுஞ்சாலைக்கு ஓடிற்று. லொறியொன்று கிறீச்சிட்டு நின்றது. அன்றிரவு நமக்கு உறக்கமில்லை.

மறுநாள் லயத்துச் சிறுவன் ஒருவன் வந்து, "மாமா, நான் கூட்டிப் போகட்டுமா?" என்றான். காலை நடை அவன் பொறுப்பாயிற்று. திரும்பியதும் விரலிடுக்கில் ஒட்டிய அட்டைகளைத் தேடி எடுப்பது நம் வேலை. மழை நாட்களில் என் செய்வது? கொய்யா மரத்தடியில் பத்துச் சிரட்டைகளைக் கவிழ்க்கச் செய்து, இரண்டு மூன்றின் கீழ் மட்டும் அவித்த இறைச்சித் துண்டுகளை ஒளித்து வைத்தோம். விறாந்தையிலிருந்து, "தேடு!" என்பதே நமது உழைப்பு. மோப்பம் பிடித்துத் தேடுவதும் நாயைக் களைக்கச் செய்யும் என்பதை அப்போதுதான் கண்டோம். கால்மணி நேரத்தில் இரண்டும் நம் கட்டிலடியில் சுருண்டுவிடும்.

கட்டவிழ்த்த அன்று ஊன்றுகோலுடன் படலை வரை நடந்தோம். மூத்தது முன்னே ஓடாமல் நம் பக்கத்திலேயே வந்தது. இளையதோ சிரட்டைகளைப் புரட்டிக்கொண்டிருந்தது.