நீல வெளிச்சத்துக்குப் பின்னால்

கிங்ஸ்ரனிலிருந்து 401 நெடுஞ்சாலையில் திரும்பி வந்த இரவு அது. கோபர்க் தாண்டியதும் பனி அடர்ந்து கொட்டியது. தூரத்தில் நீல விளக்குகள் மின்னின. ஒன்ராறியோவில் பனி வழிக்கும் லொறிக்கு அதுதான் அடையாளம். இரண்டு லொறிகள் சாய்வரிசையில் போயின. இடப்பக்கத்து லொறி முன்னே, வலப்பக்கத்து லொறி சற்றுப் பின்னே. முன்னது ஒதுக்கும் பனியைப் பின்னது வாங்கி வீதியோரத்துக்குத் தள்ளும். இரண்டுக்கும் நடுவே இடைவெளி தெரிந்தது. எனக்கு இரவு வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

புகுந்துவிட்டேன்.

முதல் லொறி ஒதுக்கிய பனி அங்கே வயல்வரம்பு போலக் கிடந்தது. வலது சில்லு அதில் ஏறியதும் ஸ்ரியறிங் என் பிடியை மீறி இழுத்தது. பனிப்புழுதியில் காரின் முன்பக்கமே மறைந்துபோனது. பிறேக்கைத் தொடாமல் வேகத்தைத் தானாகக் குறையவிட்டு, மெல்ல மெல்ல இடப்பக்கம் வந்து, வலப்பக்கத்து லொறிக்கும் பின்னால் ஒதுங்கினேன். பின்சீற்றில் இருந்த அம்மா, "தம்பி, அவையின்ரை பின்னாலையே போ" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. அவர் கை நடுங்கியதைக் கண்ணாடியில் பார்த்தேன்.

பிற்பாடு, குளிர்காலத்தில் இந்த லொறி ஓட்டும் அண்ணர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. "பக்கத்திலை ஒரு இறக்கைத் தகடு நீட்டிக்கொண்டிருக்கும். புழுதிக்குள்ளை அது உங்களுக்குத் தெரியாது. எனக்கு நீங்கள் தெரியமாட்டியள். நான் ஆரையும் இடிச்சிட்டு எப்பிடி நித்திரை கொள்ளுறது?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. ஊர் உறங்கும்போது எழுந்து போகிறவர் அவர். லொறி மெதுவாகப் போவதற்கும் அவர்தான் காரணம் சொன்னார். வேகமாகப் போனால் தூவும் உப்பு தெறித்துப் பள்ளத்துக்குள் போய்விடும். வீதியில் தங்கினால்தான் பனி உருகும். கடுங்குளிரில், ஏறத்தாழ -18 பாகைக்குக் கீழே, உப்பு பெரிதாக எடுபடாது. அப்போது சில்லு பிடிக்க மணல் போடுவார்கள்.

இப்போது புறப்படுமுன் மாகாணத்தின் 511 இணையத்தளத்தில் லொறிகள் எங்கே ஓடுகின்றன என்று பார்க்கிறேன். வழியில் ஒன்று அகப்பட்டால் நன்றாக இடம் விட்டுப் பின்னால் போகிறேன். அவர்கள் ஒதுங்கி வழிவிடும்வரை முந்துவதில்லை. வேலையிடத்துக்கு "பிந்தும்" என்று முதலே சொல்லிவிடுவேன். முன்னால் கறுப்பாய், ஈரமாய்த் தார் விரிகிறது. அம்மா பின்சீற்றில் கண்ணயர்ந்துவிடுகிறார்.