கையெழுத்துப் போடாத கடிதம்

பிப்ரவரி 5, 2025
ஷிஃப்ட் முடிந்து கிளம்பும்போது எச்.ஆரில் கூப்பிட்டு ஓர் உறையைக் கொடுத்தார்கள். பெர்மனண்ட் டெக்னீஷியன், மாதம் 3,500 வெள்ளி. கான்ட்ராக்டில் இப்போது பிடித்தமில்லாமல் 4,400 வாங்குகிறேன். மாதக் கடைசிக்குள் பதில் வேண்டுமாம். சந்தோஷப்பட வேண்டிய சேதி. புக்கிட் தெங்கா சிக்னலில் பைக்கை நிறுத்தியபோது எரிச்சல்தான் வந்தது.

பிப்ரவரி 6
கணக்குப் போட்டேன். 3,500-க்கு இ.பி.எஃப். சேமநிதியில் என் பங்கு 11 சதவீதம், 385. கம்பெனி போடுவது 13 சதவீதம், 455. சொக்சோ காப்புறுதிப் பிடித்தம் சில்லறை, அதை விடலாம். கைக்கு வருவதில் 1,285 குறைகிறது. ஆனால் 840 என் பெயரிலேயே சேரும். ஆக, இழப்பது 445 தான். இதற்கா ராத்திரி ஒரு மணிவரை விழித்திருந்தேன்?

பிப்ரவரி 11
தைப்பூசம். தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகவில்லை. ஃபேக்டரி லீவு, பெர்மனண்ட் ஆட்களுக்குச் சம்பளத்தோடு.

பிப்ரவரி 14
ஜூருவில் பார்த்து வைத்த வீட்டுக்காக பேங்கில் விசாரித்தேன். அங்கிருந்த பெண் முதலில் கேட்டது இ.பி.எஃப். ஸ்டேட்மென்ட். இல்லை என்றேன். பிறகு அவர் என்னிடம் வேறெதுவும் கேட்கவில்லை.

பிப்ரவரி 15
கேன்டீனில் யூனியன் அண்ணனிடம் சொன்னேன். "உன் ஷிஃப்ட்ட யாரு போடுறா? மெஷினு யாரோடது? அப்புறம் நீ என்ன கான்ட்ராக்டரு?" என்று சிரித்தார். 2023 ஜனவரியில் நடப்புக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தப்படி, வேலை நேரத்தை முதலாளி வகுத்து, கருவியும் அவர் கொடுத்தால், எதிராக நிரூபிக்கும்வரை நான் தொழிலாளியாம். தொழிலாளர் இலாகாவுக்குப் போகச் சொன்னார். போனால் இந்த உறை கையில் இருக்குமா? அதற்கு அண்ணன் பதில் சொல்லவில்லை, டீக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்தார்.

பிப்ரவரி 22
அம்மா கூட்டிப் பெருக்கும் பள்ளியில் டெண்டர் மாறிவிட்டது. புதுச் சட்டையும் ஒரு ஃபாரமும் கொண்டுவந்து, "நீயே எழுதிடுப்பா" என்றார். நான் படிவம் இரண்டில் இருந்தபோது சேர்ந்தவர். கம்பெனிகள்தான் மாறின, பள்ளி அதே பள்ளி, கக்கூசும் அதே கக்கூசு. சேவை ஆண்டு என்ற கட்டத்தில் பேனாவை நிறுத்தினேன்.

"சைபர் போடு. இவுங்களுக்கு நான் புது ஆளு."

சட்டப்படி இரண்டு வருடத்துக்குள் ஆண்டு லீவு 8 நாள், ஐந்தைத் தாண்டினால் 16. அம்மா அந்த 16-ஐப் பார்த்ததே இல்லை. ஏய்ம்ஸ் சைபர்ஜெயா கம்பெனி வழக்கில், புதுப்பித்துக்கொண்டே போன கான்ட்ராக்ட் உண்மையில் நிரந்தர வேலைதான் என்று 2020-இல் கூட்டரசு நீதிமன்றம் சொன்னதை அம்மாவுக்கு விளக்கினேன். "அது ஒரே முதலாளிக்குத் தானே?" என்றார். பள்ளிக்கூடம் போகாத அம்மா.

பிறகு என் கடிதத்தை எடுத்து வரச் சொன்னார். "உனக்கு எந்தத் தேதிலேர்ந்து சர்வீஸு?"

2025 மார்ச் 1.

பிப்ரவரி 24
பழைய வருடங்களைச் சேர்ப்பீர்களா என்று எச்.ஆரில் கேட்டேன். இதுவரை யாரும் கேட்டதில்லையாம். மேலே கேட்டுச் சொல்கிறார்களாம்.

பிப்ரவரி 27
பதில் இல்லை. நாளை கடைசி நாள். அம்மாவுக்குப் புதுச் சட்டை தோளில் பிடிக்கிறது, பெரிய சைஸ் தீர்ந்துவிட்டதாம்.