அப்படியொரு பிரிவு இல்லை

கணினியின் பிழைச்செய்திகளை நாம் வாசிப்பதில்லை, கண்டதும் அஞ்சுகிறோம். ஒரு பாடவேறுபாட்டுக்காக மூன்று நாள் வாதிடும் துறையினர்கூட, கறுப்புத் திரையில் இரண்டு வரி வந்தவுடன் மடிக்கணினியை மூடிவைத்துவிட்டுக் கடையைத் தேடி ஓடுகிறோம். சென்ற மாதம் கொல்கத்தாவில் ஒரு நண்பரின் கணினியோடு கழித்த ஒன்றரை நாளைப் பற்றி எழுதுகிறேன். ஆய்வேட்டின் கடைசிக் கட்டத்தில் இருப்பவர்களுக்கு உதவக்கூடும். நீண்ட பதிவு, பொறுத்தருள்க.

நண்பர் வங்காளி, என்னைவிட இளையவர், வரலாற்றுத் துறை. பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். 1947க்குப் பின் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து கொல்கத்தாவின் தென்பகுதியில் குடியேறிய குடும்பங்களைப் பற்றியது அவருடைய ஆய்வு. யாதவ்பூரை ஒட்டியுள்ள பிஜய்கட் போன்ற இடங்களில் நான்காண்டுகள் அலைந்து முதியவர்களின் நினைவுகளைப் பதிவு செய்திருக்கிறார். போர்க்காலத்தில் படைமுகாமாக இருந்து பின்னர் கைவிடப்பட்ட கொட்டகைகளில் அகதிகள் தாமே குடிபுகுந்து உருவாக்கிய குடியிருப்பு பிஜய்கட். பேசியவர்களில் பெரும்பாலோர் எண்பதைக் கடந்தவர்கள். 61 நேர்காணல்கள். பேசியவர்களுள் ஒன்பது பேர் இன்று இல்லை. முதல் இரண்டாண்டுப் பதிவுகளுக்கு நெறியாளரிடம் ஒரு நகல் உண்டு. மற்றவை அந்த ஒரே மடிக்கணினியில் இருந்தன.

அது பழைய இயந்திரம். விண்டோஸும் உபுண்டுவும் ஒரே வன்தட்டில். எழுத்துப்பெயர்ப்புக்கு அவர் பயன்படுத்தும் மென்பொருள் விண்டோஸ் பக்கம், ஒலிப்பதிவுகள் உபுண்டு பக்கம். விண்டோஸில் இடம் தீர்ந்துபோனது. இரண்டுக்கும் நடுவே எதுவுமில்லாத ஒரு பிரிவு பல காலமாகச் சும்மா கிடந்தது. அதை நீக்கி, அந்த இடத்தை விண்டோஸுக்குச் சேர்த்தார். முறையான கருவியைக் கொண்டு முறையாகவே செய்தார். கருவியும் 'அனைத்துச் செயல்களும் வெற்றியுடன் முடிந்தன' என்றே சொன்னது. உபுண்டு இருந்த பகுதியை அவர் தொடவேயில்லை. கணினியை அணைத்து மீண்டும் போட்டபோது விண்டோஸும் வரவில்லை, உபுண்டுவும் வரவில்லை. 'அப்படியொரு பிரிவு இல்லை' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. கீழே 'க்ரப் ரெஸ்க்யூ' என்ற சொற்களும் ஒரு குறியும்.

கணினிச் சாமான்களுக்குப் பேர்போன சாந்தினி சௌக் பக்கம் ஒரு சிறு கடைக்கு எடுத்துச் சென்றிருக்கிறார். அங்கிருந்தவர் வன்தட்டைக் கழற்றித் தம் கணினியில் மாட்டிப் பார்த்துவிட்டு, 'ஒரு பகுதியில் விண்டோஸ் இருக்கிறது, மற்றொன்று காலி. ஃபார்மட் செய்து புதிதாகப் போட்டுவிடலாம், மாலையில் வாருங்கள்' என்றாராம். நண்பர் வன்தட்டைத் திரும்பப் பூட்டி வாங்கிக்கொண்டு, மழையில் காம்ச்சாத் துண்டில் சுற்றிய மடிக்கணினியோடு லேக் மார்க்கெட் அருகே நான் தங்கியிருக்கும் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். நான் கணினித் துறையைச் சார்ந்தவளல்லள். தேசிய நூலகத்தில் வையாபுரிப் பிள்ளை தொகுப்பை வைத்து ஆய்வு செய்கிறேன். தமிழ் எழுத்துணரிக் கருவிகளை ஓட்டுவதற்காக லினக்ஸ் பழகியது ஒன்றுதான் எனக்கிருந்த தகுதி.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. பெரும்பாலோர் வழுக்கிவிழும் இடம் இது. உபுண்டு கோப்புகளை அடுக்கிவைக்கும் முறை வேறு, விண்டோஸின் முறை வேறு. விண்டோஸ் கணினியில் மாட்டினால் லினக்ஸ் பிரிவு முகவரியற்ற வெற்றிடமாகத் தோன்றும். சில வேளைகளில் 'பயன்படுத்துவதற்கு முன் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா' என்று அதுவே பணிவோடு கேட்கும். தனக்குப் படிக்கத் தெரியாத எழுத்தை வெற்றுத்தாள் என்று சொல்லும் வாசகரைப் போன்றது அது. வட்டெழுத்து அறியாத ஒருவர் கல்வெட்டைப் பார்த்து 'கீறல்கள்தாம் இருக்கின்றன' என்றால் நாம் கல்லை இழைத்துவிட மாட்டோம் அல்லவா?

என்ன நடந்தது என்பதைச் சொல்ல, பழைய வன்தட்டின் அமைப்பைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அதன் முதல் கூறு 512 பைட்டுகள் கொண்டது. 1983இல் ஐ.பி.எம். கணினிகளுக்கான டாஸின் இரண்டாம் பதிப்போடு வந்த ஏற்பாடு. நெடுங்காலம் மாறாமல் நீடித்தது. அந்த 512இல் முதல் 446 பைட்டுகள், கணினி விழித்தவுடன் ஓடும் சிறு நிரல். அடுத்த 64 பைட்டுகள் பிரிவுகளின் பட்டியல். ஒரு பிரிவுக்கு 16 பைட்டு வீதம் நான்கே நான்கு. கடைசி இரண்டு பைட்டுகள் முத்திரை. இத்தனை ஆயிரம் கோப்புகள் எங்கே தொடங்கி எங்கே முடியும் வட்டில் கிடக்கின்றன என்பதற்கான முதல் சாட்சி, இந்தப் பத்திரம் அளவிலும் சிறிய 64 பைட்டுகள்தாம். நான்குக்கு மேல் பிரிவுகள் வேண்டுமென்றால், நான்கில் ஒன்றைப் பெரிய கூடையாக்கி அதனுள் உட்பிரிவுகள் வைத்துக்கொள்ளலாம். லினக்ஸ் அந்த உட்பிரிவுகளுக்கு 5, 6, 7 என்று வரிசையாக எண் கொடுக்கும்.

நம் ஊர் நிலப் பதிவேடுகளைப் பார்த்தவர்களுக்கு மீதி எளிதில் விளங்கும். 5ஆம் எண் காலி மனை, 6ஆம் எண் உபுண்டு. நண்பர் காலி மனையை நீக்கினார். மறு அளவை நடந்து புல எண்கள் மாறியதுபோல், 6 இப்போது 5 ஆகிவிட்டது. வீடு ஓர் அங்குலமும் நகரவில்லை. ஆனால் வாசலில் நிற்கும் காவலாளியின் கையில் இருப்பது பழைய எண். க்ரப் என்பது அந்தக் காவலாளி. எந்த இயங்குதளத்தை எழுப்புவது என்று கேட்டு எழுப்பும் நிரல். எரிக் போலின் என்பவர் 1995இல் எழுதத் தொடங்கியது. 446 பைட்டுக்குள் அடங்காத தன் உடலின் பெரும்பகுதியை அது வேறோரிடத்தில், நண்பரின் கணினியில் உபுண்டுப் பிரிவுக்குள்ளேயே, வைத்திருக்கிறது. 'என்னுடைய மிச்சம் 6ஆம் எண்ணில்' என்ற ஒரு குறிப்பு மட்டும் அதன் கையில். 6ஐத் தேடியது, இல்லை. விண்டோஸ் நன்றாக இருந்தும் அதை எழுப்ப ஆளில்லாமற் போனது இதனால்தான்.

'அப்படியொரு பிரிவு இல்லை' என்ற வரி, நான் தேடிய எண்ணில் ஒன்றுமில்லை என்று மட்டுமே சொல்கிறது. நூலகத்தில் சீட்டு எழுதிக் கொடுத்து, 'அந்த எண்ணில் நூல் இல்லை' என்று திரும்பி வந்த அனுபவம் நம் எல்லோருக்கும் உண்டு. நூலே இல்லை என்று யாரும் ஊருக்குத் திரும்பிவிடுவதில்லை. பழைய பட்டியலைக் கேட்போம், அடுத்த அடுக்கைப் பார்க்கச் சொல்வோம்.

இதை விளக்கியபோது நண்பருக்குப் பொறுமையில்லை. திங்கட்கிழமை அவருடைய முன்சமர்ப்பிப்புக் கருத்தரங்கு. "திதி, முதலில் இயங்க வையுங்கள், நகலைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்" என்றார். நான் இசையவில்லை. பழுது நீக்குவது என்றால் வட்டில் ஏதாவது எழுதுவது என்று பொருள். எழுதுவதற்கு முன் உள்ளதை வெளியே எடுத்தாக வேண்டும். இந்த ஒன்றில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

பென்டிரைவில் ஏற்றிய உபுண்டுவைக் கொண்டு கணினியைத் தொடங்கினோம். நிறுவு, நிறுவாமல் முயன்று பார் என்று இரண்டு வழிகளைக் காட்டும். இரண்டாவதைத்தான் அழுத்த வேண்டும். அவ்வாறு தொடங்கினால் இயங்குதளம் நினைவகத்திலேயே ஓடும், வன்தட்டைத் தொடாது. 5ஆம் பிரிவை, படிக்க மட்டும் என்ற நிலையில் திறக்கச் செய்தேன். கோப்புறைகள் வரிசையாக வந்தன. நண்பர் ஒன்றும் பேசவில்லை. எழுந்துபோய்ச் சன்னலோரம் நின்றுகொண்டார்.

ஏறத்தாழ 90 ஜி.பி. பதிவுகள் வெளிவட்டுக்குப் போய்ச் சேர இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. நகல் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிலவற்றை ஓடவிட்டோம். என் வங்காளம் அரைகுறை. அவர் இடையிடையே பொருள் சொன்னார். ஒரு மூதாட்டி குல்னாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். 1947 ஆகஸ்ட் 15 அன்று எல்லை எங்கே போகிறது என்பது வங்காளத்து மக்களுக்குத் தெரியாது. ராட்கிளிஃப்பின் தீர்ப்பு வெளியானது 17ஆம் நாள். இடைப்பட்ட நாள்களில் குல்னாவில் இந்தியக் கொடியும் முர்ஷிதாபாத்தில் பாகிஸ்தான் கொடியும் பறந்தன. தீர்ப்பு வந்தபின் இரண்டும் இடம் மாறின. அம்மூதாட்டிக்கு அப்போது பத்து வயது. கொடியை இறக்கியதைப் பார்த்தது நினைவிருக்கிறது என்கிறார். அன்றைக்கு வீட்டில் என்ன சமைத்தார்கள் என்பதும் நினைவிருக்கிறது. அவர் சென்ற ஆண்டு காலமாகிவிட்டார் என்று நண்பர் சொன்னார். அவர் குரல் இருந்த இடத்தைத்தான் கடையில் 'காலி' என்றார்கள்.

'பார்ட்டிஷன்' என்று கணினிக்காரர்கள் போகிற போக்கில் சொல்லும் சொல்லை இந்த நகரத்தில் அப்படிச் சொல்ல முடிவதில்லை. வங்காளத்தில் அது 'தேஷ்பாக்'. நமக்குப் பாகப்பிரிவினை என்றால் கிணற்றில் யாருக்கு எத்தனை முறை என்பதோடு சண்டை முடிந்துவிடும். இதற்குமேல் இந்த ஒப்புமையை இழுக்க எனக்கு விருப்பமில்லை. வன்தட்டின் கோட்டை அழித்துப் போட இயலும்.

மறுநாள் காலை பழுது பார்த்தோம். அது கால் மணி நேர வேலை. கறுப்புத் திரையில் 'எல்.எஸ்.' என்று தட்டினால் இருக்கும் பிரிவுகளைச் சொல்லும். ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கச் சொன்னோம். விண்டோஸ் பிரிவுக்கு 'இந்தக் கோப்பு முறையை அறியேன்' என்று விடை வந்தது. விண்டோஸ் லினக்ஸைச் சொன்னதையே க்ரப் இங்கே விண்டோஸுக்குத் திருப்பிச் சொல்கிறது. 5ஆம் பிரிவு மட்டும் தன் கோப்புறைகளைக் காட்டியது. பிறகு நான்கு வரிகள்: 'ப்ரிஃபிக்ஸ்' என்பதற்கு 5ஆம் பிரிவில் உள்ள க்ரப் கோப்புறையைக் காட்டுவது, 'ரூட்' என்பதற்கு 5ஆம் பிரிவையே காட்டுவது, 'இன்ஸ்மாட் நார்மல்' என்பது, பின்னர் 'நார்மல்' என்பது. பழைய பட்டியல் திரையில் வந்தது. ஆனால் இது அந்த ஒருமுறைக்கு மட்டுமே செல்லும். உபுண்டுவுக்குள் நுழைந்து 'க்ரப்-இன்ஸ்டால்' கட்டளையை வன்தட்டின் மேல் ஓட்டி, தொடர்ந்து 'அப்டேட்-க்ரப்' கொடுத்தால்தான் காவலாளியின் கையில் புதிய எண் பதியும். அதில் பிரிவின் பெயரைக் கொடுக்காமல் முழு வட்டின் பெயரையே கொடுக்க வேண்டும்.

உங்கள் கணினி இவ்வளவு பழையதாக இராது. புதியவற்றில் பிரிவுப் பட்டியல் வேறு வகை. 128 பிரிவுகள் வரை இடமுண்டு, பட்டியலின் மறுபடி ஒன்று வட்டின் கடைசியிலும் இருக்கும். பட்டியலே சிதைந்துபோன நேரங்களில் கிறிஸ்தோஃப் கிரனியே எழுதிய 'டெஸ்ட்டிஸ்க்' என்ற இலவச மென்பொருள், வட்டைத் துருவிப் பழைய எல்லைகளைக் கண்டுபிடித்துத் தரும். விண்டோஸில் பிட்லாக்கர் பூட்டு இருந்தால், அளவை மாற்றுமுன் அதன் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், 48 இலக்கங்கள். மிக முக்கியமானது இன்னொன்று. பழைய சுழல்வட்டில் தெரியாமல் ஃபார்மட் செய்தாலும் மீட்க ஓரளவு வாய்ப்புண்டு. இப்போதுள்ள எஸ்.எஸ்.டி. அப்படியன்று. ஃபார்மட் செய்யும்போதே 'இந்த இடங்கள் இனி வேண்டா' என்ற ஆணை அதற்குப் போய்விடும். அது தன் போக்கில் அவற்றைத் துடைக்கத் தொடங்கிவிடும். பிறகு எந்த மென்பொருளைக் கொண்டு வந்தாலும் கிடைப்பது அரிது. கடையில் 'ஃபார்மட்' என்ற சொல் காதில் விழுந்தால் மடிக்கணினியை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

நண்பரின் கருத்தரங்கு நடந்து முடிந்தது. 61 நேர்காணல்களின் ஒரு நகல் அவருடைய அக்கா வீட்டில், ஒன்று நெறியாளரிடம், ஒன்று என் அலமாரியில். நான் பயன்படுத்திய பென்டிரைவ் என் பையிலேயே இருக்கிறது. கொல்கத்தாவில் இருப்பவர்கள் யாருக்காவது வேண்டுமென்றால் உட்பெட்டியில் எழுதுங்கள். வார நாள்களில் பகலில் அலிப்பூரில் தேசிய நூலகத்தில் இருப்பேன்; மாலை ஆறு மணிக்குமேல் லேக் மார்க்கெட் பக்கம்.