ஆறாயிரம் ரூபாயில் மறுபிறவி எடுத்த பரிசல்!

கிருஷ்ணகிரி அணைக்குச் சுற்றுலா வருகிறவர்கள் பூங்காவைச் சுற்றிப் பார்ப்பார்கள். சுடச்சுட வறுத்த மீன் சாப்பிடுவார்கள். கரையோரம் கறுப்பாகக் கவிழ்ந்து கிடக்கும் பரிசலை யாரும் பெரிதாகக் கவனிப்பதில்லை. ஆனால், அணையில் வலை போடும் குடும்பங்களுக்கு அதுதான் மாடு, வண்டி, ஏர் எல்லாம்!

கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் தென்பெண்ணை, ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையைத் தாண்டி இங்கே வந்து தேங்குகிறது. அந்தத் தண்ணீரை நம்பி வாழும் ஒரு தம்பதி. கணவருக்கு அறுபது நெருங்குகிறது. அவர் வலை வீச, மனைவி துடுப்புப் போடுவார். மகனுக்கு ஓசூர் சிப்காட்டில், தகடு வளைக்கும் பட்டறை ஒன்றில் கான்ட்ராக்ட் வேலை.

சென்ற கோடையில் அவர்களுடைய பரிசல் கசிய ஆரம்பித்தது. முதலில் ஒரு சொம்புத் தண்ணீர். அடுத்த வாரம் ஒரு குடம். வலையை இழுப்பதா, தண்ணீரை இறைப்பதா என்ற நிலை வந்துவிட்டது.

“பேசாம ஃபைபர் பரிசல் வாங்கிடலாம்ப்பா. தவணையில எடுத்துக்கலாம்” என்றான் மகன்.

“உன் வேலை அடுத்த மாசம் இருக்குமான்னு தெரியாது. தவணை மட்டும் தவறாம வந்து நிக்குமேடா!” என்றார் அப்பா.

கையில் இருந்தது ஆறாயிரம் ரூபாய். அதற்குள் பழையதையே தேற்றுவது என்று முடிவானது.

பரிசல் ஒன்றும் புதிய பொருளல்ல. 1520 வாக்கில் விஜயநகரத்துக்கு வந்த போர்த்துகீசியப் பயணி டொமிங்கோ பயஸ், கூடை போன்ற வட்டப் படகுகளில் மக்கள் ஆற்றைக் கடப்பதை வியந்து எழுதியிருக்கிறார். உள்ளே பிரம்பு, வெளியே தோல். குதிரை, மாடுகளைக்கூட அதில் ஏற்றினார்களாம். இன்று தோலின் இடத்தில் பிளாஸ்டிக் சாக்கும் தாரும் வந்துவிட்டன. மற்றபடி ஒகேனக்கல்லானாலும் கிருஷ்ணகிரியானாலும் மூங்கில் பின்னல்தான் அதன் எலும்புக்கூடு.

வேலையைத் தொடங்கும் முன் மகன் தன் செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டினான். வெளிநாட்டில் ஒருவர், பழைய அலுமினியக் கேபின் படகை மலிவாக வாங்கிப் புதுப்பிக்கிறார். தரைப் பலகையைப் பெயர்க்கிறார். அடியில் மிதப்புக்காக வைத்த நுரைப்பஞ்சு தண்ணீரைக் குடித்துக் கனத்துக் கிடக்கிறது. இன்ஜின் மாட்டும் பின்பக்கப் பலகை உளுத்துப் போயிருக்கிறது. அப்புறம் படகைத் தரையில் நிறுத்தி, உள்ளே தண்ணீர் ஊற்றி, எந்த ரிவெட் வழியாக வெளியே கசிகிறது என்று சாக்பீஸால் குறிக்கிறார். பெயின்ட் டப்பாவைத் திறப்பதெல்லாம் கடைசியில்தான்.

மொழி புரியாவிட்டாலும் அப்பாவுக்கு விஷயம் புரிந்தது. “நம்ம வேலையேதான்டா இது! நாம வருஷா வருஷம் மேலயே தாரைப் பூசிட்டு இருந்தோம். உள்ள என்ன இருக்குன்னு பார்த்தோமா?”

அதிகாலையிலேயே சுரண்டல் ஆரம்பமானது. வெயில் ஏறினால் தார் இளகி, கத்தியில் ஒட்டிக்கொள்ளும். குளிர்ந்த நேரத்தில்தான் சில்லுச் சில்லாகப் பெயரும். அடுக்கடுக்காகப் பல வருடத்துத் தார்! உரித்து முடித்ததும் ஒரே ஆளாகத் தூக்க முடிந்தது. அத்தனை நாளும் மீனோடு சேர்த்து அந்தச் சுமையையும் அல்லவா துடுப்புப் போட்டிருக்கிறார் அந்த அம்மா!

அடுத்தது எலும்புப் பரிசோதனை. மூங்கில் பத்தைகளை ஒவ்வொன்றாகக் கட்டை விரலால் அழுத்தினார்கள். அழுத்தியதும் உள்வாங்கினால் மக்கியது. ஊசித் துளையும் மாவுபோலத் தூளும் இருந்தால் வண்டு அரித்தது. விளிம்பு உறுதியாக இருந்தது. அடிப்பகுதியில் பதினொரு பத்தைகள் தேறவில்லை. கூடை முடைபவர் ஒருவரை வரவழைத்தார்கள். தண்ணீரில் ஊறப்போட்ட மூங்கிலைப் பிளந்து, பழைய பின்னலுக்குள் நுழைத்து, இரண்டு பக்கமும் ஒரு முழம் கூடுதலாக ஓடவிட்டுக் கட்டினார். ஊறிய மூங்கில் வளையும்போது முறியாது. அதன் மாவுச்சத்தும் குறைவதால் வண்டும் அவ்வளவாக அண்டாது. மூங்கிலுக்கும் கூலிக்கும் 2,200 ரூபாய் ஆனது. இதில் பேரமே பேசவில்லை.

சிக்கனம் பிடித்தது மேல்தோலில். ஓசூரில் பழைய சாமான் கடையில் மகன் வாங்கிவந்த சாக்குகள் 300 ரூபாய். அவற்றைப் பிரித்து, கோணி ஊசியால் ஒன்றாகத் தைத்து, கவிழ்த்த பரிசலின் மேல் இழுத்துக் கட்டினார்கள். தார் 900 ரூபாய். அதைத் தகர டின்னில் மெல்லிய தீயில் உருக்கினார்கள். ‘தீ அதிகமானால் தாரே பற்றிக்கொள்ளும். சூடான தாரில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் பொங்கித் தெறிக்கும்’ என்பதால் பக்கத்தில் மணல் வாளி மட்டும்தான். ஒரு பூச்சு, மேலே இன்னொரு சாக்கு, மறுபடி ஒரு பூச்சு.

கணக்குப் பார்த்தபோது 2,600 ரூபாய் மீதம். “வலை வாங்கலாம்” என்றார் கணவர். அப்போதுதான் அந்த அம்மா வாயைத் திறந்தார்.

“ஏங்க, எனக்கு நீச்சல் தெரியாது. முப்பது வருஷமா உங்களை நம்பித்தான் இதுல ஏறுறேன். காத்து அடிச்சா இது வட்டம் போடும். அன்னைக்கு நீங்க என்னைப் பிடிப்பீங்களா, வலையைப் பிடிப்பீங்களா?”

யாரும் பதில் சொல்லவில்லை. ஒகேனக்கல்லில் அரை மணி நேரம் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்குக்கூட உயிர்காப்பு உடை கட்டாயம். தினமும் தண்ணீரிலேயே கிடக்கிறவர்களுக்கு? வருடக்கணக்கில் விபத்தில்லாமல் போய்வந்ததே ஒரு துணிச்சலாகிவிடுகிறது.

மறுநாள் மகன் இரண்டு உயிர்காப்பு உடைகளோடு வந்தான். 1,800 ரூபாய். கூடவே காலியான நான்கு சமையல் எண்ணெய் கேன்கள். மூடியை இறுக்கி, விளிம்புக்குக் கீழே நான்கு பக்கமும் கட்டினார்கள். பரிசலுக்குள் தண்ணீர் ஏறிவிட்டாலும் பிடித்துக்கொண்டு மிதக்க ஒரு வழி. தொழிற்சாலைகளில் ரசாயனம் வந்த கேன்கள் மலிவாகவே கிடைக்கும். அவற்றைத் தொடவில்லை, அதே தண்ணீரில்தானே மீனும் இருக்கிறது!

தார் காய்ந்ததும் நேராகத் தொழிலுக்குப் போகவில்லை. இரண்டு ஆள் எடைக்குக் கல்லை ஏற்றி, கரையில் கட்டி, ஒரு ராத்திரி முழுக்க மிதக்க விட்டார்கள். விடிந்ததும் உள்ளே கைவிட்டுப் பார்த்தார் அந்த அம்மா. கை ஈரமாகவில்லை.

மொத்தச் செலவு 5,200 ரூபாய். மிச்சம் 800 ரூபாய், அடுத்த வருடத் தாருக்காக அஞ்சறைப் பெட்டிக்குள் போய்விட்டது. பரிசலோ, பைக்கோ, பரம்பரை வீடோ... பழையதைப் புதுப்பிக்கிற எல்லாருக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். மேல்பூச்சில் எவ்வளவு வேண்டுமானாலும் மிச்சம் பிடிக்கலாம்; எலும்பிலும் உயிரிலும் பிடிக்கக் கூடாது!